இடர்க்காலத்தில் லுத்தரன் திருச்சபை: தென்பெண்ணை நாட்டு வரலாற்றில் ஒரு பகுதி

ஒரு சமுதாயத்தின் உறுதி அதன் நற்காலத்தில் புலப்படுவதில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் போரும் வந்துற்ற நாளிலேயே புலப்படுகின்றது. கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம், கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் வேளை இது. நமக்கு முன்பே இத்தகைய பணியில் இறங்கி, இடர்ப்பட்டு, இழந்து, எனினும் அழியாது நின்ற ஓர் அமைப்பின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது இவ்வேளையில் பயனுடையதாகும். அத்தகைய அமைப்புகளுள் ஒன்று லுத்தரன் திருச்சபை. அதனைப் புகழ்ந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. துன்பக் காலத்தில் அதனைத் தாங்கி நின்றோர் யாவர் என்னும் வினாவுக்கு விடை காண்பதே நோக்கமாகும். சமயம் எதுவாயினும், ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவருக்கும் உரிய வினா இது.

நிலமும் ஆறும்

தீர்த்தமலை வட்டாரத்தில் வாழும் நாம் தென்பெண்ணை ஆற்றை நன்கு அறிவோம். கிருஷ்ணகிரியையும் காவேரிப்பட்டினத்தையும் அடுத்துப் பாய்ந்து, அனுமன்தீர்த்தம் வழியாக நம் பகுதியைத் தொட்டு, சாத்தனூரையும் திருக்கோவிலூரையும் கடந்து, கடலூர்ப் பகுதியில் அது கடலைச் சேர்கின்றது. இந்த ஆற்றின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருவேறு லுத்தரன் மிஷன்கள் பணி செய்தன. மேற்பகுதியில், அதாவது கிருஷ்ணகிரியில், அமெரிக்க நாட்டு மிசூரி சினாடின் பணி தொடங்கியது. கீழ்ப்பகுதியில், மேல்பட்டாம்பாக்கத்தை மையமாகக் கொண்டு, டேனிஷ் மிஷனின் பணி வளர்ந்தது.

தீர்த்தமலையும் கிருஷ்ணகிரியும் நெடுங்காலம் பழைய சேலம் மாவட்டத்திலேயே இருந்தன. 1965இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது இரண்டும் அதனுள் அடங்கின. 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆதலின் கிருஷ்ணகிரியில் நிகழ்ந்தது நமக்கு அயலூர்ச் செய்தியன்று. நம் மாவட்ட வரலாற்றின் ஒரு பகுதியேயாகும்.

தரங்கம்பாடி தந்த கொடையும் குறையும்

தமிழகத்தில் லுத்தரன் பணியின் தொடக்கம் தரங்கம்பாடி. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பிய சீகன்பால்கு, புளுச்சோ ஆகிய இருவரும் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கினர். அடுத்த ஆண்டிலேயே பள்ளிகள் ஏற்பட்டன, பெண்பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்பட்டது. அவர்கள் கைகளில் முதலில் திருமுழுக்குப் பெற்றவர்கள் செல்வர்கள் அல்லர். ஐரோப்பியர் இல்லங்களில் அடிமைகளாக இருந்தவர்களே. சீகன்பால்கு 1708இல் டேனிஷ் ஆளுநரால் சிறையிலடைக்கப்பட்டு, நான்கு திங்கள் கழித்தே விடுதலை பெற்றார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி நிறைவுற்றது. எழுத்தறிவு எல்லோருக்கும் உரியது என்னும் எண்ணம் அச்செழுத்தோடு சேர்ந்தே இந்நாட்டில் பரவியது. இதுவே தரங்கம்பாடி தந்த பெருங்கொடை.

ஆயினும் குறையையும் மறைத்தல் கூடாது. 1733ஆம் ஆண்டு திசம்பரில் கடலூரைச் சேர்ந்த வேளாளராகிய ஆரோன், இந்தியருள் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்னும் உபதேசியார் அரும்பணி ஆற்றி வந்தார். படைவீரராக இருந்து ஊழியத்துக்கு வந்த அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். ஆற்றலிலும் பற்றிலும் அவர் யாருக்கும் குறைந்தவரல்லர் என்பதை மிஷனரிகளே உணர்ந்திருந்தனர். ஆனால் அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதிக் கிறித்தவர் இசையார் என்னும் அச்சத்தால், அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்படவில்லை. 1771இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவர் உபதேசியாராகவே உழைத்தார். சபையை நடத்தும் சுமை அவருக்குக் கொடுக்கப்பட்டது; அதற்குரிய சிறப்பு கொடுக்கப்படவில்லை.

இப்புண் பின்னரும் ஆறவில்லை. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் சபைகளுக்குள் சாதியை விட்டொழிக்க வேண்டுமென ஆணையிட்டபோது, அதனை ஏற்காத மேற்சாதியினர் பலர் சபையை விட்டு விலகினர். அவருள் ஒரு பகுதியினர் பின்னர் லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளைச் சார்ந்தனர். சாதியை உலகியல் வழக்கம் எனக் கொண்டு பொறுத்துப் போவதே அந்த மிஷனின் போக்காக இருந்தது. இதனை எதிர்த்து நின்ற லைப்சிக் மிஷனரி கார்ல் ஓக்ஸ், அம்மிஷனிலிருந்து பிரிந்து, மேல்பட்டாம்பாக்கத்தில் தம் பணியை அமைத்தார். 1860களில் அவர் டேனிஷ் மிஷனரிச் சங்கத்தோடு இணைந்தார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் உள்ளது. தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியில் எழுந்த அத்திருச்சபை, சாதி பற்றிய வழக்கில் ஒருவர் பணிய மறுத்ததால் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பஞ்சம் வந்த ஆண்டுகள்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என நம் முன்னோர் அழைத்தனர். சேலம் மாவட்டம் அதில் மிகக் கொடிய அழிவுக்குள்ளான மாவட்டங்களுள் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய தொகை அவ்வளவு தேய்ந்தது. மாண்டவர் எத்தனை பேர், ஊரைவிட்டு ஓடினவர் எத்தனை பேர் எனப் பிரித்துக் கூறுதல் அரிது.

பஞ்சம் எல்லோரையும் சமமாகத் தாக்குவதன்று. நிலமுடையோன் விதைநெல்லை உண்டான். கால்நடை உடையோன் அதனை விற்றான். கூலியன்றி வேறேதும் இல்லாதவன் முதலில் மாண்டான். வயல் வேலை நின்றபோது பண்ணையாள் என்னும் பெயரும் சோறு தரவில்லை. அரசின் நிவாரண வேலைகளிலும் செலவைக் குறைக்கும் நோக்கோடு, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே கூலி என 1877இல் விதிக்கப்பட்டது. அவ்வுணவு உழைக்கும் உடலுக்குப் போதாது என மருத்துவ அதிகாரிகளே வாதிட்டனர்.

பஞ்சத்துக்குப் பின் தமிழகத்தின் பல பகுதிகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருச்சபைகளை நாடினர். சோற்றுக்காக மதம் மாறினர் எனப் பலர் இழித்துரைத்தனர். சோறு தருவது இழிவானால், தராமல் இருந்தது எத்தகையது என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகின்றது. பசித்தவர் வந்தது உண்மை. ஆனால் பசி தீர்ந்த பின்னும் பலர் நிலைத்திருந்தனர் என்பதும் உண்மை. அவர்களை நிறுத்தியது சோறு மட்டுமன்று. பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும், பிள்ளைக்குப் பலகை கொடுக்கப்பட்டதுமேயாகும்.

கிருஷ்ணகிரியில் ஒரு தொடக்கம்

இப்பின்னணியில்தான் 1895இல் தியோடர் நேத்தர் கிருஷ்ணகிரிக்கு வந்தார். அவரும் பிரான்சு மோன் என்பவரும் முன்பு லைப்சிக் மிஷனில் பணியாற்றியவர்கள். வேதாகமத்தின் இறைத்தூண்டுதல் பற்றிய கொள்கை வேறுபாட்டால் அம்மிஷனை விட்டு விலகியவர்கள். 1894இல் மிசூரி சினாடு இவ்விருவரையும் தன் முதல் இந்திய மிஷனரிகளாக ஏற்று அனுப்பியது. நேத்தர் கிருஷ்ணகிரியிலும் மோன் ஆம்பூரிலும் பணியைத் தொடங்கினர். பின்னர் பர்கூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலும் பணி பரவியது.

அறுவடை விரைவில் கிட்டவில்லை. திருமுழுக்குப் பெற்றோர் தொகை மிக மெதுவாகவே உயர்ந்தது. ஆதலின் அவர்கள் பள்ளிகளையே முதற்பணியாகக் கொண்டனர். சேரியை அடுத்து ஒரு கூரைக் கட்டடம், ஓர் ஆசிரியர், மணலில் எழுதும் சில பிள்ளைகள் என்பதே பள்ளியின் உருவம். அவ்வாசிரியரே மாலையில் செபம் நடத்துவார், நோயுற்றவரைப் பார்ப்பார், இறந்தவரை அடக்கம் செய்ய முன்னிற்பார், மனு எழுதித் தருவார். மிஷனரியின் பெயர் நூல்களில் உள்ளது. அந்த ஆசிரியர்களின் பெயர்கள் பெரும்பாலும் சபைப் பதிவேடுகளில் மட்டுமே உள்ளன.

இக்காலத்தின் பொதுநிலையையும் நினைவிற்கொள்ள வேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையின் பின், 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என நாம் இன்றும் வழக்காடி வரும் நிலம் அதுவே. நிலத்துக்கு ஆணை வந்த அதே பத்தாண்டில் எழுத்துக்குப் பள்ளியும் நம் பக்கம் வந்தது. எழுத்தில்லாதவன் கையில் வந்த நிலம் எவ்வாறு கைமாறியது என்பதை நம் ஊர்கள் அறியும்.

கொள்ளைநோயும் ஒரு கல்லறையும்

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய் 1898இல் பெங்களூரை அடைந்தது. அங்கிருந்து எல்லைப் பகுதிகளுக்குப் பரவ நெடுநாள் ஆகவில்லை. இந்நோய்க்குரிய கிருமியை 1894இல் எர்சின் கண்டறிந்தார். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகின்றது என 1898இல் சிமோன் கூறினார். ஆப்கின் 1897இல் தடுப்பூசியும் உருவாக்கினார். எனினும் இவ்வறிவு ஊர்களை எட்டக் காலம் பிடித்தது. எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேறி வயல்வெளியில் குடிசை போட்டு வாழ்வதே மக்கள் கண்ட காப்பு. 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்குப் பேரதிகாரம் தந்தது. தனிமை முகாம், வீட்டுச் சோதனை, உடைமை எரிப்பு ஆகியவற்றால், மக்கள் நோய்க்கு அஞ்சியது போலவே அதிகாரிக்கும் அஞ்சினர்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஊழியன் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா லுத்தரன் மரபில் புதியதன்று. 1527இல் விட்டன்பர்க்கு நகரில் பிளேக்கு பரவியபோது பல்கலைக்கழகம் வேறிடம் சென்றது. மார்ட்டின் லுத்தர் செல்லவில்லை. நோயுற்றோரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார். அக்காலத்தில் அவர் எழுதிய மடலின் கருத்து நிதானமானது. பொறுப்பில்லாதவர் விலகிச் செல்வது குற்றமாகாது. ஆனால் சபையைக் காக்கும் குருவும், நகரைக் காக்கும் அதிகாரியும், நோயாளியைப் பேணும் கடமையுடையவரும் மாற்று ஏற்பாடின்றி நீங்கலாகாது. மருந்தை ஒதுக்குவதும் தூய்மையைப் பேணாது பிறர்க்கு நோய் பரப்புவதும் பத்தியாகாது. அது கடவுளைச் சோதிப்பதாகும். இதுவே அம்மடலின் சாரம்.

கிருஷ்ணகிரியில் இக்கருத்துக்கு நேரிய சோதனை வந்தது. அவ்வூரைப் பிளேக்கு பற்றியது. ஒன்பது ஆண்டுகளாக அங்குப் பணியாற்றி வந்த நேத்தர் 1904இல் அந்நோய்க்கே இரையானார். தொடக்க நிலையிலிருந்த சபைக்கு அது பேரிடி. தலைவன் மறைந்தால் கூட்டம் கலையும் என்பதே ஊரார் எதிர்பார்ப்பாக இருந்திருக்கும். ஆனால் பணி நின்றுவிடவில்லை. நேத்தரின் கல்லறையைப் போற்றுவது தகும். அவரோடு அந்த ஆண்டுகளில் அதே நோயைக் கண்டு, அதே ஊரிலேயே பிறந்து வளர்ந்ததால் வேறெங்கும் செல்ல வழியின்றி, எனினும் பள்ளியை மீண்டும் திறந்தவர்களையும் அதே அளவு போற்றுவது நம் கடமை.

நோயின் படிப்பினை மருத்துவப் பணியாக மலர்ந்தது. 1913இல் மிசூரி மிஷனின் முதல் செவிலியராக வந்த லூலா எல்லர்மன் பர்கூரில் மருத்துவத் தொண்டினைத் தொடங்கினார். 1920களில் ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனை எழுந்தது. தீண்டத்தகாதார் எனப்பட்டவரின் நாடியைத் தொட்டுப் பார்க்கும் கை ஒன்று இருந்தது என்பது அக்காலத்தில் சிறு செய்தியன்று.

போர் வந்தது, மிஷனரிகள் சென்றனர்

1914இல் மூண்ட முதல் உலகப்போர் மற்றொரு சோதனையைக் கொணர்ந்தது. செர்மானியர் பகைநாட்டினராயினர். லைப்சிக் மிஷனரிகள் பலர் காவலில் வைக்கப்பட்டனர். 1915, 1916ஆம் ஆண்டுகளில் கோல்கொண்டா என்னும் கப்பலில் நாடு கடத்தப்பட்டனர். மிசூரி மிஷனிலும் செர்மானியக் குடியுரிமை உடையோர் பணியை இழந்தனர். தரங்கம்பாடி மரபின் சபைகளுக்குச் சுவீடன் திருச்சபை மிஷன் துணை நின்றது. எனினும் அத்தனை ஊர்களுக்கும் போதிய ஆட்கள் அவர்களிடமும் இல்லை. 1918இல் மழை பொய்த்தது. அதே ஆண்டில் விஷக்காய்ச்சல் பரவி இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டது. போரும் பசியும் நோயும் ஒருங்கே வந்த காலம் அது.

அந்நாளில் சபையை நடத்தியவர்கள் தமிழ்க் குருமார்களும் உபதேசியார்களும் ஆசிரியர்களுமே ஆவர். வெளிநாட்டுப் பணம் தடைப்பட்டபோது படியரிசிக் காணிக்கை சபையைத் தாங்கியது. நாள்தோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தாய்மார் எடுத்து வைப்பது நம் நாட்டுச் சபைகளின் பழவழக்கம். நாளைக்கு உலை வைக்க அரிசி உண்டோ என ஐயுறும் வீட்டிலிருந்தும் அப்பிடி வந்தது. நம்பிக்கை என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

இச்சோதனையின் விளைவாகவே 1919ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுள்ள திருச்சபையாக அமைந்தது. 1956இல் ராஜா மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். ஆற்காடு லுத்தரன் திருச்சபை 1950இலும், மிசூரி மிஷனிலிருந்து வளர்ந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1958இலும் தனித்திருச்சபைகளாயின. மிஷனரி இல்லாத ஆண்டுகளே திருச்சபையைத் தன் காலில் நிற்கப் பழக்கின என்பது வரலாறு தரும் முடிவு.

சாதி வழக்கு அப்போதும் தீரவில்லை. 1907இல் நாகர்கோவில் வடசேரிப் பகுதியின் சாம்பவர் கிறித்தவர் வேறொரு சபையில் தமக்குரிய மதிப்புக் கிட்டவில்லை என்று கருதி, மிசூரி மிஷனை நாடி அழைத்தனர். இரக்கத்தைக் காட்டிலும் மதிப்பையே அவர்கள் முதன்மையாகக் கேட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பதிவேடு என்னும் செல்வம்

லுத்தரன் சபைகள் விட்டுச் சென்றவற்றுள் நாம் போதிய அளவு மதியாத ஒன்று உண்டு. அதுவே சபைப் பதிவேடு. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என ஒவ்வொன்றுக்கும் நாள், பெயர், பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் வழக்கம் தரங்கம்பாடி நாள் முதல் வருவது. ஊர்க்கணக்கில் ஒரு மனிதன் பண்ணையாள் என்றோ சாதிப்பெயராலோ மட்டும் குறிக்கப்பட்ட காலத்தில், இப்பதிவேட்டில் அவனுக்குத் தந்தை பெயரும் தாய் பெயரும் பிறந்த நாளும் இருந்தன. கொள்ளைநோயில் மாண்ட ஏழைக் குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு. நம் முன்னோரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவ்வேடுகளும் பழைய பள்ளிச் சேர்க்கை ஏடுகளும் கல்வெட்டுக்கு நிகரானவை. கரையானுக்கு இரையாகுமுன் அவற்றைப் படியெடுத்தல் இன்றியமையாதது.

இன்றைய நிலை

இடர்க்காலம் முடிந்துவிடவில்லை, அதன் உருவம் மாறியுள்ளது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவரான தாழ்த்தப்பட்டோர் அட்டவணைச் சாதியினராகக் கொள்ளப்படுவதில்லை. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அவ்வுரிமை விரிவாக்கப்பட்டது, கிறித்தவர்க்கு விரிவாக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். 2022இல் இது பற்றி ஆராய முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமக்கும் இரு பிள்ளைகளுள் ஒருவனுக்கு அட்டவணைச் சாதி உரிமை உண்டு, மற்றவனுக்கு இல்லை என்னும் நிலை, கல்விச் சங்கங்கள் கண்மூடிக் கடக்கத்தக்கதன்று.

2020இல் கொரோனா பரவியபோது கோவில்களும் பள்ளிகளும் ஒருங்கே மூடப்பட்டன. அப்பழைய 1897ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. கைப்பேசி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை வேலைக்குச் சென்றது. 2021இல் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, அந்தந்த ஊரின் படித்த இளைஞர்களையே தன்னார்வலர்களாக்கியது. நூறாண்டுக்கு முன் கூரைப் பள்ளியில் நின்ற உபதேசியாரின் பணியையே வேறு பெயரில் அவர்கள் ஏற்றனர் எனலாம்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, வெளியிலிருந்து வரும் உதவியை நன்றியோடு ஏற்க வேண்டும். ஆனால் அது நின்றுபோகும் நாளுக்கு இன்றே ஆயத்தமாக வேண்டும். படியரிசி வைத்த தாய்மார் காட்டிய வழி அது. இரண்டாவது, பணியின் சுமையைத் தந்து சிறப்பை மறுக்கும் வழக்கம் நமக்குள் புகலாகாது. இராசநாயக்கனுக்கு மேற்சாதியினர் செய்ததை, நம்முள் உட்பிரிவு பார்த்து நாமே நம்மவர்க்குச் செய்தல் தகாது. பெண்களுக்குச் செய்வதும் தகாது. மூன்றாவது, நம் ஊர்களில் முதன்முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்களை, அவர்களை அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இடர் வரும்போது போக இடமுள்ளவர் போய்விடுவர். போக இடமில்லாதவரே ஊரைத் தாங்குவர். அவர்கள் கல்வியுடையவர்களாகவும் ஒன்றுபட்டவர்களாகவும் இருந்தால் ஊர் பிழைக்கும். தென்பெண்ணைக் கரையில் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் போரையும் கடந்து பள்ளிக் கதவை மீண்டும் மீண்டும் திறந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற நம்பிக்கை இதுவே. அதனைக் குறைவின்றி அடுத்த தலைமுறைக்கு அளிப்பது, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் நம் சங்கத்தின் பணியாக அமைவதாக.